கைக்குத் தெரிந்த வீடு

2012-ஆம் வருஷம். தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு உச்சத்தில் இருந்த நேரம். சென்னையில் ஒரு நாளைக்கு 2 மணி நேரம் கரண்ட் போகும். அதற்கே நாங்கள் புலம்பிக்கொண்டிருந்தோம். லீவுக்கு அம்பாசமுத்திரம் போனபோதுதான் தெரிந்தது, அங்கே பாதி நாள் கரண்டே இல்லை என்று. ராத்திரி எட்டு மணி இருக்கும். பட்டாசல் என்று நாங்கள் சொல்கிற கூடத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா என் பையனுக்குச் சொதி ஊற்றக் கரண்டியைத் தூக்கினாள், விளக்கு அணைந்தது.

நானும் என் வீட்டுக்காரரும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் செல்போனைத் தடவினோம். ஒருத்தருக்கும் வைத்த இடம் ஞாபகமில்லை. பையன் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டான். அதற்குள் அடுக்களைப் பக்கம் தீக்குச்சி உரசுகிற சத்தம். அம்மா சிம்னி விளக்கோடு வந்துகொண்டிருந்தாள். அவள் எழுந்து போனதைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை.

"இந்த இருட்டுல எப்படிம்மா எடுத்த?"

"நான் எங்கட்டி எடுத்தேன்? கைதான எடுத்துச்சு."

அன்றைக்கு அதை வேடிக்கைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவள் போன பிறகுதான் அந்த ஒரு வரி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி. தெருவிலிருந்து பார்த்தால் அகலம் 12 அடிதான். உள்ளே நுழைந்தால் போய்க்கொண்டே இருக்கும். முதலில் தார்சா, அப்புறம் பட்டாசல், இரண்டாங்கட்டு, அதை ஒட்டி சன்னலே இல்லாத அரங்கு, பிறகு அடுக்களை, கடைசியில் புறவாசலும் கிணறும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள். வெளிச்சம் தெருவிலிருந்தும் புறவாசலிலிருந்தும் வந்தால்தான் உண்டு. அரங்குக்குள் பகல் பன்னிரண்டு மணிக்கும் ராத்திரிதான். ஆனால் நெல், அரிசி, புளி, பருப்பு, பட்டுச்சேலை, பத்திரம், ஜாதகக் கட்டு என்று வீட்டின் உயிர் முழுக்க அந்த இருட்டறைக்குள்தான் இருந்தது. அப்படிப்பட்ட வீட்டில் குடித்தனம் செய்கிற பெண்ணுக்குக் கண் பழகி என்ன செய்ய? கை பழகவேண்டும்.

தீப்பெட்டி அடுக்களை மாடக்குழியின் இடது மூலையில் இருக்கும். சிம்னி விளக்கு அதற்குக் கீழே. அரிவாள்மணை எப்போதும் சுவர் பார்த்துச் சாய்ந்திருக்கும், இருட்டில் வருகிறவர் காலில் படாதபடி. கத்தரிக்கோலுக்கு ஓர் ஆணி, சாவிக்கொத்துக்கு ஓர் ஆணி, பால் அட்டைக்கும் கரண்டு அட்டைக்கும் வளைந்த கம்பி ஒன்று. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நூலில் கட்டிய துண்டுப் பென்சில் தொங்கும். தினசரிக் காலண்டரின் அட்டையில் இரண்டு ஊசிகள் குத்தியிருக்கும். ஒன்றில் வெள்ளை நூல், ஒன்றில் கறுப்பு நூல், இரண்டுமே கோத்தபடி. "பொத்தான் பிய்யுற நேரமா பாத்து ஊசில நூல் கோத்துக்கிட்டு இருக்க முடியுமா? கண்ணு நல்லா தெரியுற நேரத்துல கோத்து வச்சுக்கிடணும்" என்பாள். பள்ளிக்கூடம் கிளம்புகிற காலை எட்டரை மணிக்கு என் சட்டைப் பொத்தான் பிய்ந்தால், எட்டு முப்பத்திரண்டுக்கு அது மறுபடி சட்டையில் இருக்கும்.

இதற்கெல்லாம் அவள் வைத்திருந்த சொல் 'ஒதுங்க வைப்பது'. அடுக்குவது, அலங்கரிப்பது என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. "சாப்பிட்டாச்சுன்னா பாத்திரத்த ஒதுங்க வைங்க", "விருந்தாளு வர்றாங்க, வீட்ட ஒதுங்க வைக்கணும்." சாமான்கள் ஓரமாக ஒதுங்கி நின்று மனுஷருக்கு வழிவிடவேண்டும். 12 அடி வீட்டில் ஐந்து பேர் முட்டிக்கொள்ளாமல் நடக்க வேறு வழியில்லை. பார்க்க அழகாக இருக்கிறதா என்ற கேள்வியே அங்கே எழுந்ததில்லை. போன்விட்டா டப்பாவில் உளுந்தும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் சீனியும் இருக்கும். டப்பா எதுவாக இருந்தால் என்ன, இடம் மாறக்கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

அந்த வீட்டில் ஒரு நாளைக்கு அதிகமாக ஒலித்த வாக்கியம் "எங்கம்மா இருக்கு?" என்பதாகத்தான் இருக்கும். ஜியாமெட்ரி பாக்ஸ் எங்கம்மா, தம்பியின் பெல்ட் எங்கம்மா, தைலக்குப்பி எங்கம்மா. அம்மா ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டே, தலையைக்கூடத் திருப்பாமல் சொல்வாள்: "அரங்குக்குள்ள போ. வலது கைப் பக்கம், ரெண்டாந்தட்டு. போன்விட்டா டப்பாக்குப் பின்னால ஈயச்செம்பு இருக்கும். அதுக்குள்ள." கையை விட்டால் இருக்கும். ஒரு நாளும் "அங்கதான் எங்கயாவது இருக்கும்" என்று அவள் சொன்னதில்லை.

அப்பா தாலுகா ஆபீசில் கிளார்க். இருபது வருஷத்துக்கு முந்தைய ஃபைலைக் கேட்டாலும் ஐந்து நிமிஷத்தில் எடுத்துத் தருவார் என்று ஆபீசில் அவருக்குப் பெயர். அந்த அப்பாவுக்கு வீட்டில் தன் பனியன் எங்கே இருக்கிறது என்று சாகிறவரை தெரியாது. அலமாரிக்கு முன்னால் நின்றபடி அம்மாவைக் கூப்பிடுவார். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் கண்ணுக்கு நேரே இருக்கிற பனியனை எடுத்துக் கொடுப்பாள். "உங்க அப்பா சாமானுக்கு முன்னால நின்னுக்கிட்டே சாமானத் தேடுவாக" என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பாள். நாங்களும் சிரிப்போம்.

இப்போது அந்தச் சிரிப்பு வருவதில்லை. 2024-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிஷம் செலவிடுகிறார்கள், வீட்டு வேலை செய்கிற ஆண்கள் 88 நிமிஷம் என்று வந்திருக்கிறது. அம்மா காலத்தில் யாராவது எங்கள் வீட்டில் எடுத்திருந்தால் அப்பாவின் கணக்கு 8 நிமிஷத்தைத் தாண்டியிருக்காது. இந்தக் கணக்கிலும் மாவாட்டிய நேரம் வரும், பெருக்கிய நேரம் வரும். மாவாட்டும்போதே ஐந்து பேருடைய சாமான்களின் இருப்பிடத்தையும் மனசில் சுமந்துகொண்டிருந்தாளே, அது எந்த நிமிஷத்தில் வரும்?

அம்மாவிடம் நான் கற்ற இரண்டாவது பாடம் அரங்குக்குள் நடந்தது. "ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு சத்துரு உண்டும்ட்டி. அது யாருன்னு தெரிஞ்சுக்கிட்டா எங்க வைக்கணும்னு தானா தெரியும்" என்பாள்.

உப்புக்குச் சத்துரு இரும்பு. ஆகவே அது மரவை என்கிற மரப் பாத்திரத்தில் இருக்கும். உள்ளே கிடக்கும் கரண்டி தேங்காய்ச் சிரட்டை. புளிக்குச் சத்துருவும் உலோகம்தான். மாசி, பங்குனியில் புதுப்புளி வந்ததும் ஒரு வருஷத்துக்கு வாங்கி, திண்ணையில் உட்கார்ந்து கொட்டை எடுத்து, நார் உருவி, வெயிலில் போட்டு, இடையிடையே கல்லுப்பு தூவி, காருகுறிச்சிப் பானையில் அமுக்கி வைப்பாள். வாயை வெள்ளைத் துணியால் வேடு கட்டி, மேலே மூடி. துவரம்பருப்புக்குச் சத்துரு வண்டு. அதற்கு விளக்கெண்ணெய் தொட்டுப் புரட்டி வைப்பது. அரிசிப் பானைக்குள் வசம்பும் காய்ந்த வேப்பிலையும் கிடக்கும். பத்தமடைப் பாய்க்குச் சத்துரு மடிப்பு. கோரை மடிந்த இடத்தில் ஒடிந்துவிடும், சுருட்டித்தான் நிறுத்தவேண்டும். அம்மா அப்பா பெயரும் கல்யாணத் தேதியும் நெய்த பட்டுப்பாய் ஒன்று பரணில் சுருண்டு கிடந்தது. பட்டுச்சேலைக்கும் மடிப்புதான் ஆகாது. பழைய வேட்டியில் சுற்றி வைத்த சேலைகளை மூன்று மாதத்துக்கொரு தரம் எடுத்து, உதறி, நிழலில் காற்றாட விட்டு, வேறு இடத்தில் மடிப்பு வருமாறு மாற்றி மடிப்பாள். "ஒரே எடத்துல மடிச்சா சரிகை அங்கதான் முறியும்."

கருப்பட்டி கதை தனி. அதற்குச் சத்துரு ஈரக்காற்று. ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்புக்கு மேலே இருக்கிற பரணில் வைத்திருந்தாள். விறகடுப்புப் புகை ஏறி ஏறிப் பெட்டி கறுத்திருக்கும். கருப்பட்டி ஐப்பசி மழையிலும் கல் மாதிரி இருக்கும். 1989-இல் வீட்டுக்கு கேஸ் வந்தது. தெருவிலேயே நாலாவது கனெக்‌ஷன். அடுத்த மழைக்கு ஓலைப்பெட்டியை இறக்கினால், கருப்பட்டி இளகிப் பாகாக வடிந்து பெட்டியோடு ஒட்டிக் கிடந்தது. புகை நின்றுபோனதை நாங்கள் எல்லோரும் கொண்டாடிக்கொண்டிருந்தோம். அந்தப் புகைக்கும் ஒரு வேலை இருந்தது என்பது அன்றைக்குத்தான் அம்மாவுக்கே தெரிந்தது. ஒரு நிமிஷம் அடுப்பையும் பரணையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுத்த வருஷம் கருப்பட்டி மண்பானைக்குள் போய்விட்டது, வேடு கட்டி. ஓலைப்பெட்டியில் வெங்காயம் ஏறியது. அவளுடைய ஒழுங்கு பாட்டி காலத்து வழக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றியது இல்லை என்பதற்கு இதைவிட எனக்குச் சாட்சி வேண்டாம்.

அந்த வீட்டில் இடம் மாறிக்கொண்டே இருந்த சாமான் ஒன்றே ஒன்றுதான்: முறுக்கு டின். "இதுக்குச் சத்துரு நீங்க மூணு பேரும்தான்." எங்கள் மூன்று பேரில் ஆச்சியும் உண்டு.

மார்கழிக் கடைசியில் வெள்ளையடிப்பு வரும். அதுதான் வீட்டின் வருஷாந்திரத் தணிக்கை. சுண்ணாம்புக் கல்லைப் பெரிய தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கும். அதில் கொஞ்சம் நீலம். நார்மட்டையோடு ஆள் வருவதற்கு முந்தைய நாளே, அரங்கில் இருக்கிற கடைசிச் செம்பு வரைக்கும் தெருவுக்கு வந்துவிடும். நம் வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைத் தெருவே பார்த்துக்கொண்டு போகும். எதிர்வீட்டு மதினி நின்று "இந்த உருளி எங்க வீட்டுது மாதிரி இருக்கே" என்பாள். அது அவர்கள் வீட்டு உருளியாகவே இருக்கும்.

சுவர் காய்ந்ததும் சாமான்கள் ஒவ்வொன்றாக உள்ளே திரும்பும். வாசற்படியில் அம்மா உட்கார்ந்திருப்பாள். துடைக்காமல் எதுவும் படி ஏறாது. துடைத்தாலும், "இந்த வருசம் இத யாராவது தொட்டோமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். தொடாதவை இரண்டாகப் பிரியும்: யாருக்காவது ஆகும் என்றால் கொடுக்கிற பக்கம், யாருக்கும் ஆகாது என்றால் எடைக்காரர் பக்கம். துருப்பிடித்த இரும்புக்குப் பேரீச்சம்பழம் கிடைக்கும். அது எங்களுக்கு.

ஆனால் துணி மட்டும் அவ்வளவு சீக்கிரம் படியிறங்காது. அப்பாவின் வேட்டி கிழிந்தால் அதன் நல்ல பாகம் பட்டுச்சேலை சுற்றப் போகும். அடுத்த பாகம் ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்ட. அது நைந்தால் கரித்துணி. அதுவும் நைந்தால் தரை துடைக்க. ஒரு வேட்டி அந்த வீட்டை விட்டுப் போக ஆறேழு வருஷம் ஆகும். துணிப்பைகளும் அப்படித்தான். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே இயக்கம் தொடங்கியது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது அரங்குக் கதவுக்குப் பின்னால் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துத் தொங்கவிட்ட மஞ்சப்பைகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. ஜவுளிக்கடைப் பெயர் சாயம்போய், யார் கல்யாணத்தில் வந்தது என்பதே மறந்துபோன பைகள். அம்மாவைப் பொறுத்தவரை அது மீண்டு வரவேண்டிய பொருளே இல்லை, போனால்தானே மீளுவதற்கு!

எவர்சில்வர் பாத்திரங்களுக்கு வேறு ஒழுங்கு. ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருக்கும். பாத்திரக்கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, 'கிர்'ரென்று மெஷினைப் பிடித்துப் புள்ளி புள்ளியாக எழுதித் தருவார்கள். யார் கொடுத்தது, எந்த விசேஷம், என்ன தேதி. பெரியத்தை கல்யாணம், தம்பி காதுகுத்து, ஆச்சி எண்பதாம் பிறந்தநாள். இரவல் போன பாத்திரம் திரும்பி வந்துசேரத்தான் இந்த ஏற்பாடு. எங்களுக்கோ அதுதான் சொந்தபந்தத்தின் வரலாறு. சாம்பார்த் தூக்குச்சட்டியைத் துலக்கிக்கொண்டே, "இது கொடுத்த சித்தி இப்ப பேசுறதில்லையேம்மா" என்று ஒரு நாள் கேட்டேன். "சித்தி பேசலன்னா தூக்குச்சட்டி என்ன பண்ணும்? கவுத்து வை" என்றாள். பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணம் வெறுமனே திரும்பிப் போனதில்லை. ஒன்றும் இல்லாத நாளில் ஒரு பிடி சீனியாவது அதில் போகும். அந்தக் கிண்ணத்தை வைக்கிற இடம் வாசல் பக்கத் திண்டு. பிறத்தியார் சாமான் நம் சாமானோடு கலக்கக்கூடாது.

அம்மாவின் வரைபடத்தில் எங்களுக்குச் சொல்லப்படாத இடங்களும் இருந்தன. அது எங்களுக்கு 2016 நவம்பரில் தெரியவந்தது. 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்த மறுநாள் காலையில் அம்மா போன் செய்தாள். சுற்றி வளைத்துப் பேசினாள். கடைசியில், "எங்கிட்ட கொஞ்சம் இருக்கும்ட்டி. அப்பாட்ட சொல்லாத" என்றாள். வெந்தய டப்பாவுக்கு அடியில், பழைய அஞ்சறைப்பெட்டியின் பெருங்காய அறையில், அரிசிப் பானைக்குள், பரணில் சுருட்டிய பட்டுப்பாயின் நடுவில். எல்லாம் சேர்த்து 23,500 ரூபாய். பால் காசில் மிச்சம், பேரீச்சம்பழத்துக்குப் போகாத பழைய பேப்பர்க் காசு, பொங்கல்படி, என் தம்பி முதல் சம்பளத்தில் கொடுத்தது. சிறுவாடு என்று சொல்வார்களே, அது. பேங்க் வரிசையில் நிற்க அவளுக்கு முட்டு முடியாது. ஆதார் அட்டையோடு நான் ஊருக்குப் போனபோது நோட்டுகளை மேசையில் எடுத்து வைத்தாள். ஒன்று மஞ்சள் மணம், ஒன்று பெருங்காய மணம். அப்பா தார்சாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பேப்பரைக் கீழே இறக்கவில்லை. நாற்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவளுக்கென்று இருந்த ரகசியத்தை, ஒரு ராத்திரிச் செய்தி மேசைமேல் கொட்டவைத்துவிட்டது. அன்றைக்கு அவள் முகத்தில் இருந்தது பணம் போய்விடுமோ என்ற பயமில்லை, கூச்சம்.

அடுத்த வருஷம் அப்பா போனார். 2018 ஆவணியில் அம்மா போனாள். ராத்திரி தூக்கத்தில்.

விடியற்காலை நானும் தம்பியும் வந்து சேர்ந்தபோது வீடு நிறைய ஆட்கள். குத்துவிளக்கு எங்கே, நெல் எங்கே, சில்லறை எங்கே, ரேஷன் கார்டு எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அரங்குக்குள் போனேன். கரண்ட் இருந்தது, ஆனால் சுவிட்சைப் போடத் தோன்றவில்லை. வலது கைப் பக்கம், இரண்டாந்தட்டு. கை போன இடத்தில் எல்லாம் இருந்தது. ரெக்ஸின் பையில் அவளுடைய ஆதார், பேங்க் புத்தகம், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வீட்டு வரி ரசீதுகள். பட்டுச்சேலைக் கட்டில் மேலே இருந்தது அவள் கட்டிக்கொண்டு போக ஆசைப்பட்ட அரக்குச்சேலை. அதற்குப் பிறகு அன்றைக்கு ஒருத்தரும் ஒன்றையும் தேடவில்லை. "எங்கம்மா இருக்கு?" என்று கேட்கத் தேவையே இல்லாதபடி எல்லாவற்றையும் ஒதுங்க வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அவளுக்கென்று அந்த வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். கட்டிலுக்கு அடியில், இரண்டு அடி நீளம். அப்பாவுக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு அலமாரி. எங்களுக்கு ஆளுக்கொரு தட்டு. அம்மாவுக்கு இடம் எது என்று நாங்கள் யோசித்ததே இல்லை. பெட்டிக்குள்ளும் பெரும்பாலும் எங்கள் சாமான்தான்: தடுப்பூசி அட்டைகள், மார்க் ஷீட்டுகள், என் முதல் சம்பளக் கவர். அடியில், செய்தித்தாள் விரிப்புக்குக் கீழே, பிளாஸ்டிக் கவரில் போட்ட ஒரு பழுப்புத் தாள். அரசுத் தொழில்நுட்பத் தேர்வு, ஆங்கிலத் தட்டச்சு, லோயர் கிரேடு. வருஷம் 1969. முதல் வகுப்பு.

அம்மா டைப்ரைட்டிங் படித்தவள் என்பதே எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. கல்யாணம் 1971-இல். அதற்கு முன்னால் இரண்டு வருஷம் அவள் யாராக இருந்தாள் என்று நாங்கள் கேட்டதில்லை.

நானும் ப்ளஸ் டூ லீவில் டைப் படித்தவள்தான். முதல் நாள் வாத்தியார் சொல்லுகிற முதல் விதி, கட்டையைப் பார்க்கக்கூடாது என்பதுதான். கண் தாளில் இருக்கவேண்டும். எழுத்து எங்கே இருக்கிறது என்று விரல் தேடிக்கொள்ளவேண்டும். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று வாரக்கணக்கில் அதையே அடிப்போம். லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு இடம். எங்கே போனாலும் அடித்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பி வந்துவிடவேண்டும்.

எடுத்த சாமானை எடுத்த இடத்திலேயே வைக்கணும் என்று எங்கள் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னவளுடைய தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். "கைதான எடுத்துச்சு" என்று அவள் சொன்னது வேடிக்கைப் பேச்சில்லை. வேலைக்குப் போகாத அந்த விரல்கள்தான் 47 வருஷம் அந்த இருட்டறையில் அடித்துக்கொண்டிருந்தன.

வீட்டை 2020-இல் விற்றோம். தம்பி பெங்களூரில், நான் சென்னையில்; பார்த்துக்கொள்ள ஆளில்லை. பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டோம். இரண்டு பேருக்கும் எடுத்தது போக மிஞ்சியதைக் கடையில் எடைக்குப் போட்டோம். தராசில் பெரியத்தை கல்யாணமும் தம்பி காதுகுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சித்தி கொடுத்த தூக்குச்சட்டியை மட்டும் ஓடிப்போய் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் எனக்கு ஏக்கம் பாத்திரத்தில் இல்லை, பட்டுச்சேலையில் இல்லை. அந்த அடுக்களைக் கதவில்தான். அதன் பின்பக்கத்தில், 1989-இல் கேஸ் வந்த நாளிலிருந்து, சிலிண்டர் மாற்றிய தேதியை அம்மா அந்தத் துண்டுப் பென்சிலால் எழுதி வந்தாள். தேதிக்குப் பக்கத்தில், முந்தையது எத்தனை நாள் வந்தது என்று ஒரு எண். அடுத்ததை எப்போது பதிவு செய்யவேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான். வெள்ளையடிப்பவரிடம் வருஷா வருஷம் "கதவத் தொடாதீங்க" என்று சொல்லிவிடுவாள். ஆரம்பத்தில் 34, 36 என்று போகும். ஆச்சி எண்பதாம் பிறந்தநாளின்போது 19. என் கல்யாண மாதத்தில் 17. நான் போன பிறகு 41. தம்பி படிக்கப் போன பிறகு 55. எங்கள் பிள்ளைகள் லீவுக்கு வருகிற மே மாதங்களில் மட்டும் சட்டென்று 24-க்கு இறங்கும். அப்பா போன பிறகு 96. கடைசி வரியில் தேதி மட்டும் இருந்தது. பக்கத்தில் எண் இல்லை.

டைரி எழுதாத ஒருத்தி 29 வருஷம் எழுதிய டைரி அது. சாவியைக் கொடுத்த அன்றைக்கு அதன் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு படம் எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. வாங்கியவர் அடுக்களையை இடித்து டைல்ஸ் போட்டுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இப்போது இருக்கிற ஃபிளாட்டில் அரங்கு கிடையாது. நாலு பக்கமும் சன்னல். மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர். ஒரே மாதிரி கண்ணாடிப் பாட்டில்களில் பருப்பு வகைகள் வரிசையாக நிற்கின்றன; வருகிறவர்கள் அழகாக இருக்கிறது என்கிறார்கள். எது பாசிப்பருப்பு, எது கடலைப்பருப்பு என்று நான் இன்னும் பார்த்துத்தான் எடுக்கிறேன்.

இரண்டு விஷயம் மட்டும் செய்தேன். காலண்டர் அட்டையில் நூல் கோத்த ஊசிகள் இரண்டு இருக்கின்றன. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். வீட்டில் யார் எது எங்கே என்று கேட்டாலும் நான் பதில் சொல்வதில்லை. கை விட்டுத் தேடட்டும், இரண்டு தடவை தேடினால் மூன்றாம் தடவை கைக்குத் தெரிந்துவிடும். முதலில் கோபித்துக்கொண்டார்கள். என் பனியன் எங்கே என்று என் வீட்டுக்காரர் கடைசியாகக் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

போன வாரம் வெளியூர் போய்விட்டுத் திரும்பினேன். கதவுக்குப் பின்னால் புதிதாக ஒரு தேதி இருந்தது. பக்கத்தில் 38. எழுதியிருந்தது என் மகன்.